செல்லில் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று: எக்செல்லில் எண்கள் தகராறு செய்வது ஏன்?

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில் பழம் பறிக்கக் கிலோ கணக்கில் கூலி என்று வைத்துக்கொள்வோம். மாலையில் எடை போட்டு, யார் எத்தனை கிலோ என்று செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைக் கணக்குப் பதிவேட்டில், எழுதுகிறார்கள். வாரக் கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் அதைக் கணினியில் ஏற்றுகிறார். ஒரு பெண்ணின் ஐந்து நாள் கணக்கு இப்படி ஏறியிருக்கிறது: 42, 38.5, 45 கிலோ, 40, 51. கையால் கூட்டினால் 216.5 கிலோ. ஆனால் கீழே போட்ட சம் ஃபார்முலா 131.5 என்கிறது. 85 கிலோவைக் காணோம்.

எங்கே போனது? மூன்றாம் நாள் ஏற்றியவர் பழக்கத்தில் ‘45 கிலோ’ என்று சேர்த்தே அடித்துவிட்டார். நான்காம் நாளின் 40 வேறு எங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டியது. அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டையும் எக்செல் எண்ணாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சம் ஃபார்முலா எண்ணை மட்டும் கூட்டும். எழுத்தைக் கண்டால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். எச்சரிக்கை கிடையாது, பிழைச் செய்தி கிடையாது. இந்தச் சத்தமில்லாத தவறுதான் எனக்குப் பெரிய கவலை. பெரிதாகப் பிழை வந்தால் யாராவது கவனிப்பார்கள். 131.5 என்பது பார்க்க நியாயமான எண்ணாகவே இருக்கிறது. அந்தப் பெண்ணே வீட்டில் எழுதி வைத்திருந்தால் ஒழிய, 85 கிலோவுக்கான கூலி யார் கண்ணிலும் படாமல் போகும்.

சேலத்தில் கணக்கு எழுதும் இடங்களுக்குக் குறைவில்லை. செவ்வாய்பேட்டை மண்டிகள், கொலுசுப் பட்டறைகள், ஜவ்வரிசி ஆலைகள், லாரி புக்கிங் அலுவலகங்கள் என்று எங்கு போனாலும் எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கெல்லாம் எண்கள் செய்யும் தகராறு பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். அதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கிவிடும்.

ஒவ்வொரு செல்லிலும், அதாவது நாம் எண்ணை அடிக்கும் ஒவ்வொரு கட்டத்திலும், இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே சேமிக்கப்பட்டிருக்கும் மதிப்பு. இன்னொன்று, அதை எப்படிக் காட்ட வேண்டும் என்ற ஃபார்மட். கொலுசின் மேலே ஏற்றிய பாலிஷ் வேறு, உள்ளே இருக்கும் வெள்ளியின் டச் (நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு) வேறு என்பது போலத்தான் இதுவும். பாலிஷ் மாற்றினால் டச் மாறாது. செல்லில் ₹1,250.00 என்று தெரியலாம். உள்ளே இருப்பது வெறும் 1250. 05-11-2024 என்று தெரியலாம். உள்ளே இருப்பது 45601 என்ற எண். ஃபார்மட்டை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருக்கும் மதிப்பு அசையாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எளிய வழி, செல்லைக் கிளிக் செய்து மேலே உள்ள ஃபார்முலா பாரைப் பார்ப்பது. (தேதிக்கு மட்டும் இது உதவாது, தேதி ஃபார்மட்டில் இருந்தால் பாரிலும் தேதியாகவே தெரியும்.) செல்லில் தெரிவதும் பாரில் தெரிவதும் வேறு வேறாக இருந்தால் அது ஃபார்மட் சமாச்சாரம். கன்ட்ரோலும் 1ம் சேர்த்து அழுத்தினால் ‘ஃபார்மட் செல்ஸ்’ பெட்டி வரும், அங்கே மாற்றிக்கொள்ளலாம். பாரிலேயே தவறாக இருந்தால் மதிப்பே கெட்டிருக்கிறது. அங்கே ஃபார்மட்டை மாற்றிப் பயனில்லை. எந்தத் தகராறு வந்தாலும் முதலில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கோளாறு தோற்றத்திலா, மதிப்பிலா?

எண் போலத் தெரியும் எழுத்து

செக்ரோலில் நடந்தது மதிப்புக் கோளாறு. எண்ணாக இருக்க வேண்டியது எழுத்தாக நிற்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பல அடையாளங்கள் உண்டு. எக்செல்லில் எண்கள் இயல்பாகச் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடப்பக்கம். ஆகவே மேலிருந்து கீழாக ஓடும் ஒரு பத்தி முழுக்க எண்கள் வலது ஓரம் நிற்க, நடுவில் இரண்டு மட்டும் இடது ஓரம் நின்றால் சந்தேகப்படுங்கள். ஆனால் யாராவது மொத்தப் பத்தியையும் நடுவில் வருமாறு அமைத்துவிட்டால் இந்த அடையாளம் போய்விடும். கணக்குப் பத்திகளில் அலைன்மென்ட் பட்டன்களைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

எழுத்தாக நிற்கும் எண்ணுக்குச் செல்லின் இடது மேல் மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் வரும். ஆனால் ‘45 கிலோ’வுக்கு அது வராது, அதை எக்செல் முழு எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் முக்கோணத்தை மட்டும் நம்பக்கூடாது. இன்னும் உறுதியான வழி: பத்தியைத் தேர்வு செய்து திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரைப் பாருங்கள். அங்கே கவுன்ட், சம் இரண்டும் தெரியும். அந்தப் பட்டியிலேயே வலது கிளிக் செய்து ‘நியூமரிக்கல் கவுன்ட்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்தில் கவுன்ட் 5, நியூமரிக்கல் கவுன்ட் 3 என்று காட்டும். இரண்டு செல்கள் எண் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். கூலிப் பட்டியலுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஐந்து நொடி வேலை.

பக்கத்துப் பத்தியில் =ஐஎஸ்நம்பர்(பி2) என்று (ஃபார்முலாக்களை எக்செல்லில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்) போட்டுக் கீழ்வரை இழுத்தாலும் ஒவ்வொரு செல்லுக்கும் ட்ரூ, ஃபால்ஸ் என்று பதில் வரும். லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறவர்களுக்கு இதைவிட வசதி இருக்கிறது. கன்ட்ரோலும் எஃப்8ம் அழுத்தினால் எண்களெல்லாம் நீலமாகும், ஃபார்முலாக்கள் பச்சையாகும், எழுத்துகள் கறுப்பாகவே இருக்கும். நீலப் பத்தியில் கறுப்பு எங்கே என்று பார்த்தால் போதும்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ‘சம் போட்டால் 0 வருது, ஆனா =பி2+பி3ன்னு போட்டா சரியா வருதே’ என்பார்கள். ப்ளஸ் குறி, எழுத்தாக நிற்கும் ‘40’ஐ முடிந்தால் எண்ணாக மாற்றிக்கொண்டு கூட்டும், சம் அப்படிச் செய்யாது. இரண்டும் வேறு விடை தந்தால் அந்தப் பத்தியில் எழுத்து எண் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘45 கிலோ’ மாதிரி மாற்றவே முடியாததாக இருந்தால் ப்ளஸ் குறி வேல்யூ பிழையைக் காட்டி நின்றுவிடும். சத்தமில்லாமல் தாண்டிப் போவதைவிட அப்படி நிற்பது எவ்வளவோ மேல்.

சரி, சரிசெய்வது எப்படி? எழுத்தாகச் சேமிக்கப்பட்ட சுத்தமான எண்கள் என்றால், செல்களைத் தேர்வு செய்ததும் பக்கத்தில் வரும் மஞ்சள் ஆச்சரியக்குறியைக் கிளிக் செய்து ‘கன்வெர்ட் டு நம்பர்’ கொடுங்கள். பலர் ஹோம் மெனுவில் போய் ஃபார்மட்டை டெக்ஸ்டிலிருந்து நம்பர் என்று மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பார்கள். தோற்றம் மாறினால் மதிப்பு மாறாது என்று மேலே சொன்னது இங்கே நேராகத் தெரியும். ஃபார்மட்டை மாற்றியபின் அந்தச் செல்லுக்குள் போய் எஃப்2, என்டர் அடித்தால்தான் எக்செல் அதை மறுபடி படித்து எண்ணாக்கும். ஆயிரம் வரிக்கு அப்படிச் செய்ய முடியாது. அதற்கு ‘டேட்டா’ மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ இருக்கிறது. பத்தியைத் தேர்வு செய்து, ஃபார்மட்டை ஜெனரல் ஆக்கி, அதைத் திறந்து, எதையும் மாற்றாமல் நேரே ‘ஃபினிஷ்’ கொடுத்தால் முழுப் பத்தியும் எண்ணாகிவிடும்.

இன்னொரு வழி: ஏதாவது காலிச் செல்லில் 1 என்று அடித்து, அதைக் காப்பி செய்து, பத்தியைத் தேர்வு செய்து ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ போய் ‘மல்டிப்ளை’ கொடுப்பது. எல்லாம் ஒன்றால் பெருக்கப்பட்டு எண்ணாகும். ஆனால் நடுவில் இருக்கும் காலிச் செல்களும் 0 ஆகிவிடும். வேலைக்கு வராத நாளைக் காலியாக விடும் வழக்கம் உள்ள செக்ரோலில் இது பெரிய வித்தியாசம். ஆவரேஜ் போட்டால் கணக்கே மாறிப்போகும். அங்கே டெக்ஸ்ட் டு காலம்ஸ்தான் பத்திரம்.

‘கிலோ’, ‘ரூ.’, ‘450/-’ என்று ஒட்டிக்கொண்டு வருபவற்றுக்கு கன்ட்ரோல் ஹெச் போதும். ‘ஃபைண்ட்’ பெட்டியில் /- என்று அடித்து, ‘ரீப்ளேஸ்’ பெட்டியைக் காலியாக விட்டு, ‘ரீப்ளேஸ் ஆல்’. குறி போனதும் மீதி 450 எண்ணாகிவிடும். செல் டெக்ஸ்ட் ஃபார்மட்டில் இருந்தால் மட்டும் குறி போனாலும் எழுத்தாகவே நிற்கும், முதலில் ஜெனரல் ஆக்கிக்கொள்ளுங்கள்.

கிலோ என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அதையும் ஃபார்மட்டிடமே விடலாம். ஃபார்மட் செல்ஸ் பெட்டியில் ‘கஸ்டம்’ போய் இப்படி அடியுங்கள்:

0.0" கிலோ"

இப்போது 45 என்று மட்டும் அடித்தால் போதும், 45.0 கிலோ என்று தெரியும். உள்ளே 45 என்ற எண் மட்டும் இருக்கும், கூட்டலிலும் சேரும். தமிழ் எழுத்தை எக்செல் இங்கே எந்தத் தகராறும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான் கொஞ்சம் பிடிவாதமானது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது சாதாரண ஸ்பேஸ் அல்லாத, வரி உடையாமல் இருக்கப் போடும் ஒரு தனி இடைவெளி கூடவே வரும். கணினிக்கு அது 160 என்ற எண்ணுள்ள குறி. ஸ்பேஸ் பாரில் அடிப்பது 32. ட்ரிம் ஃபார்முலா 32ஐத்தான் நீக்கும், 160ஐத் தொடாது. =லென்(பி5) போட்டுப் பாருங்கள்; 40க்கு 2 என்று வர வேண்டிய இடத்தில் 3 வந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது. அந்தச் செல்லுக்குள் எஃப்2 மூலம் போய், 40க்குப் பின்னால் இருக்கும் அந்த இடைவெளியை மட்டும் தேர்வு செய்து காப்பி செய்யுங்கள். எஸ்கேப் அடித்து வெளியே வந்து, கன்ட்ரோல் ஹெச்சில் ஃபைண்ட் பெட்டியில் அதையே ஒட்டி, ரீப்ளேஸ் பெட்டியைக் காலியாக விட்டு ‘ரீப்ளேஸ் ஆல்’ கொடுத்தால் எல்லா இடத்திலும் போய்விடும்.

எண்ணாக இருக்கக்கூடாத எண்கள்

இதற்கு நேர் எதிரான தகராறும் உண்டு. சேலத்தின் எஸ்டிடி கோடு 0427, ஏற்காட்டுக்கு 04281. இவற்றைச் செல்லில் அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய் 427, 4281 என்று நிற்கும். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்பதால் எக்செல் அதை எடுத்துவிடுகிறது. அதன் கணக்குப்படி அது சரிதான். நமக்குத்தான் அது எண் இல்லை.

இதற்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். இதைக் கூட்டுவீர்களா, பெருக்குவீர்களா? இரண்டு பேருடைய போன் நம்பரைக் கூட்டி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. போன், பின்கோடு, ஆதார், பிஎஃப் நம்பர், வங்கிக் கணக்கு எண், சர்வே எண், கதவு எண் எல்லாமே எண்ணால் எழுதிய பெயர்கள். அவற்றை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும். அதுவும் அடிப்பதற்கு முன்பே. பத்தியைத் தேர்வு செய்து ஃபார்மட்டை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு அடித்தால் 04281 அப்படியே நிற்கும். கூகுள் ஷீட்ஸில் இதற்குப் பெயர் ‘ப்ளெய்ன் டெக்ஸ்ட்’. ஒன்றிரண்டு செல்களுக்கு என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '04281 என்று அடித்தாலும் போதும். அந்தக் குறி செல்லில் தெரியாது.

00000 என்று கஸ்டம் ஃபார்மட் கொடுத்தால் 4281கூட 04281 என்று தெரியும். பார்வைக்குச் சரியாகிவிடும், ஆனால் உள்ளே இருப்பது 4281தான். அதை வேறு செல்லோடு & போட்டு ஒட்டினால் பூஜ்யம் இல்லாமல்தான் வரும்.

ஆதார் எண் 12 இலக்கம். எக்செல்லின் ஜெனரல் ஃபார்மட் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும். அதற்கு மேல் போனால் 2.34568 என்று தொடங்கி நடுவில் ஓர் ஆங்கில எழுத்தும் ப்ளஸ் 11ம் சேர்ந்த அறிவியல் வடிவத்துக்கு மாறிவிடும். பார்த்ததும் எண்ணே அழிந்துவிட்டது என்று பலர் பதறிப்போகிறார்கள். அழியவில்லை, ஃபார்முலா பாரில் 12 இலக்கமும் இருக்கும். கஸ்டம் ஃபார்மட்டில் 0000 0000 0000 என்று கொடுத்தால் அட்டையில் இருப்பது போலவே நான்கு நான்காகத் தெரியும். +91 சேர்த்து அடித்த போன் நம்பரும் இதே கதைதான். 12 இலக்கம் ஆகிவிடுவதால் சுருங்கிப்போகிறது, கூடவே ப்ளஸ் குறியும் காணாமல் போகிறது.

உண்மையாகவே அழிவது 16 இலக்கத்தில். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கத்தைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். எண்களை அது 64 பிட் கொண்ட மிதவைப்புள்ளி முறையில் சேமிப்பதால் வரும் எல்லை இது. 16 இலக்க ஏடிஎம் கார்டு எண்ணையோ, 16 இலக்கக் கணக்கு எண்ணையோ எண்ணாக அடித்து என்டர் தட்டினால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். இது தோற்றம் இல்லை, மதிப்பே போய்விட்டது. ஃபார்மட்டை மாற்றினாலும் பழைய இலக்கம் வராது. பாஸ்புக்கைப் பார்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். கூலி வங்கிக்குப் போகும் பட்டியலில் இப்படி ஒரு பத்தி இருந்தால், வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்தக் கணக்கு எண்களின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். வரிசையாக எல்லாமே 0 என்றால் பட்டியலை அனுப்பாதீர்கள்.

தேதியாகிவிடும் எண்கள், எண்ணாகிவிடும் தேதிகள்

எக்செல்லுக்குத் தேதியும் ஓர் எண்தான். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு வருகிறது. 2024 ஜனவரி 1 என்பது 45292. அதனால்தான் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் எத்தனை நாள் என்று வருகிறது. தேதிப் பத்தியில் திடீரென்று 45601 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபார்மட் ஜெனரல் ஆகிவிட்டது, அவ்வளவுதான். டேட் என்று மாற்றினால் 2024 நவம்பர் 5 திரும்பி வரும்.

எதிர்ப்பக்கம்தான் சேதம் செய்யும். கதவு எண் 12/3 என்று அடிக்கிறீர்கள். எக்செல் அதை மார்ச் 12 என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி என்றால் டிசம்பர் 3. சரி, டெக்ஸ்ட் ஆக்கிவிடலாம் என்று ஃபார்மட்டை மாற்றினால் 45363 போன்ற ஓர் எண் நிற்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது இப்போது அந்தத் தேதியின் எண்தான். 12/3 என்று நீங்கள் அடித்ததற்கு உள்ளே எந்தத் தடயமும் இல்லை. சர்வே எண்ணில் உட்பிரிவு போடும் எல்லா நிலப் பட்டியலிலும் இந்த ஆபத்து உண்டு. அங்கேயும் மருந்து ஒன்றே: அடிப்பதற்கு முன்பே பத்தியை டெக்ஸ்ட் ஆக்குவது.

நம் ஊர் மட்டும் படும் பாடு இல்லை இது. மனித மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச்1, செப்ட்1 என்று இருந்தன. எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றிவிட்டது.

நாம் தேதியை எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 05.11.2024 என்று புள்ளி வைத்து எழுதுவது நம் வழக்கம். அரசாங்கக் கடிதங்களிலும் அப்படித்தான். பெரும்பாலான கணினிகளில் எக்செல் இதைத் தேதியாக எடுக்காது, எழுத்தாகவே விட்டுவிடும். வரிசைப்படுத்தினால் 01.12 முன்னாலும் 05.11 பின்னாலும் வந்து நிற்கும். டெக்ஸ்ட் டு காலம்ஸின் மூன்றாவது படியில் ‘டேட்’ என்று தேர்வு செய்து, பக்கத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையைக் கொடுத்து முடித்தால் எல்லாம் உண்மையான தேதியாகும்.

அமெரிக்க அமைப்பில் உள்ள கணினியில் நம் தேதிகளை ஒட்டினால் நடப்பதுதான் இருப்பதிலேயே மோசம். 05/11/2024 என்பது மே 11 ஆகிவிடும். 25/11/2024 என்பதில் 25 என்ற மாதம் கிடையாதே, அதனால் அது எழுத்தாக நின்றுவிடும். பத்தியைப் பார்த்தால் 1 முதல் 12 தேதி வரை வலது ஓரத்திலும், 13 முதல் இடது ஓரத்திலும் நிற்கும். இப்படிப் பாதிப் பாதியாக நின்றால், இடது ஓரத்தில் இருப்பவை மட்டும்தான் கெட்டது என்று நினைக்காதீர்கள். வலது ஓரத்தில் அழகாக நிற்பவையும் நாளும் மாதமும் இடம் மாறித்தான் நிற்கின்றன. ஒட்டியதை அழித்துவிட்டு, விண்டோஸில் ரீஜன் அமைப்பை இந்தியா என்று மாற்றி, மறுபடி ஒட்டுவதே சரி. கூகுள் ஷீட்ஸில் ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போனால் லொக்கேல் என்று இருக்கும், அங்கே இந்தியா.

லட்சமும் கமாவும்

12,34,567 என்று படித்துப் பழகிய கண்ணுக்கு 1,234,567 தடுக்கும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனலில் ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ், டிஜிட் குரூப்பிங் என்று போய் நம் முறையைத் தேர்வு செய்தால் எக்செல்லும் அதையே பின்பற்றும். ஆனால் அது உங்கள் கணினிக்கு மட்டும். ஆடிட்டருக்கு அனுப்பினால் அவருடைய கணினி எப்படியோ அப்படித்தான் அங்கே தெரியும். எங்கே திறந்தாலும் லட்சம், கோடியாகவே தெரிய வேண்டும் என்றால் இந்தக் கஸ்டம் ஃபார்மட்டைக் கொடுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

கோடியும் அதற்கு மேலும் ஒரு விதம், லட்சம் ஒரு விதம், அதற்குக் கீழே ஒரு விதம் என்று மூன்று துண்டுகள். கழித்தல் எண்கள் எல்லாம் மூன்றாவது துண்டில் விழுவதால், மைனஸ் ஐந்து லட்சம் பழையபடி −500,000 என்றுதான் தெரியும். நஷ்டக் கணக்கும் கலந்து வரும் ஷீட்டுக்கு ரீஜன் அமைப்பே ஏற்றது.

செல்லில் வெறும் ##### தெரிந்தால் பத்தியின் அகலம் போதவில்லை. மேலே இரண்டு பத்திகளுக்கு நடுவிலுள்ள கோட்டில் டபுள் கிளிக் செய்யுங்கள்.

பைசா, மில்லி வித்தியாசம்

வெள்ளி வேலையில் எடை கிராமுக்கு மூன்று தசமம் வரை போகும். 152.350 என்று அடித்தால் எக்செல் 152.35 என்று காட்டும். மதிப்பில் குறை இல்லை, 0.000 என்று ஃபார்மட் கொடுத்தால் கடைசிப் பூஜ்யம் தெரியும். இதுவரை தோற்றம்தான்.

அடுத்து டச் 65 என்று வைத்துச் சுத்த வெள்ளி கணக்கிடுவோம். மூன்று உருப்படி: 152.350, 148.270, 150.010. 65 சதவீதம் போட்டால் 99.0275, 96.3755, 97.5065. இரண்டு தசமம் போதும் என்று ஃபார்மட் கொடுத்தால் செல்லில் 99.03, 96.38, 97.51 என்று தெரியும். கால்குலேட்டரில் இவற்றைக் கூட்டினால் 292.92. எக்செல் கூட்டுவதோ 292.91. எக்செல் தப்பாகக் கூட்டவில்லை. உள்ளே இருக்கும் நான்கு தசமத்தையும் சேர்த்துக் கூட்டி, 292.9095 என்ற விடையை இரண்டு தசமத்தில் காட்டுகிறது. ஆனால் பில்லைக் கையில் வைத்திருப்பவர் பார்ப்பது தோற்றத்தை மட்டும்தான், அவர் கணக்குப்படி கடைக்காரர் தப்பு. ஒரு பில்லில் 0.01 ஒன்றுமில்லை. நூறு வரியுள்ள மாதக் கணக்கில் இரண்டு பக்கமும் ஒத்துவராமல் ராத்திரி வரை உட்கார வைக்கும்.

இதற்குத் தீர்வு, தோற்றத்தில் சுருக்காமல் மதிப்பையே சுருக்குவது: =ரவுண்டு(பி2*65%,2). இப்போது உள்ளே இருப்பதும் 99.03, தெரிவதும் 99.03, கூட்டினாலும் ஒத்து வரும். எந்த இடத்தில் சுருக்குவது, ஒவ்வொரு வரியிலுமா கடைசி மொத்தத்திலா என்பதைக் கொடுப்பவரும் வாங்குபவரும் முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும். எக்செல் அமைப்புகளில் ‘செட் பிரிசிஷன் ஆஸ் டிஸ்ப்ளேட்’ என்று ஒன்று இருக்கிறது, தெரிவதையே மதிப்பாக்கிவிடும். வசதியாகத் தோன்றும், ஆனால் மொத்தக் கோப்பிலும் மீதித் தசமங்களை நிரந்தரமாக வெட்டிவிடும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புள்ளியும் கமாவும் இடம் மாறும்போது

காபி வெளிநாட்டுக்கும் போகிற சரக்கு. ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் கமாவும், கமா வைக்கும் இடத்தில் புள்ளியும் வைப்பார்கள். அவர்கள் 3.250 கிலோ என்று எழுதினால் மூவாயிரத்து இருநூற்று ஐம்பது. அதை மின்னஞ்சலிலிருந்து நம் எக்செல்லில் ஒட்டினால் மூன்றேகால் ஆகிவிடும். அங்கே எழுதிய 3,250 நமக்கு மூவாயிரத்துச் சொச்சம், அவர்களுக்கு மூன்றேகால். ஆயிரம் மடங்கு வித்தியாசம், இரண்டுமே செல்லில் எண்ணாக ஒழுங்காக வலது ஓரத்தில் நிற்கும். மேலே சொன்ன எந்த அடையாளமும் இதைக் காட்டாது.

அவர்கள் எக்செல் கோப்பாகவே அனுப்பினால் தொல்லையில்லை. உள்ளே எண் ஒன்றுதான், நம் கணினி நம் முறையில் காட்டும். எழுத்தாக ஒட்டும்போதும், சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாக வரும்போதும்தான் கவனம் வேண்டும். பத்தியை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு ஒட்டி, பக்கத்தில் =நம்பர்வேல்யூ(பி2,",",".") என்று கொடுங்கள். தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி என்று எக்செல்லுக்குச் சொல்லிவிட்டோம், 3.250 என்பது 3250 ஆகிவிடும்.

சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்வதற்கு முன்

வங்கி, ஜிஎஸ்டி, பிஎஃப் தளங்களிலிருந்து இறக்கும் பல கோப்புகள் சிஎஸ்வி வடிவில் வரும். அது வெறும் எழுத்துக் கோப்பு. ஃபார்மட் என்று ஒன்றும் அதில் இல்லை. டபுள் கிளிக் செய்து திறந்தால் ஒவ்வொரு பத்தியும் என்ன என்று எக்செல்லே ஊகிக்கும். முன் பூஜ்யம் போகும், நீளமான எண் சுருங்கும். அதோடு மூடிவிட்டால் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. சேவ் கொடுத்துவிட்டால்தான் வினை. சிஎஸ்வியில் சேமிக்கும்போது எக்செல் எழுதி வைப்பது செல்லில் தெரிவதை. சுருங்கித் தெரிந்த ஆதார் எண் சுருங்கியபடியே கோப்பில் எழுதப்படும், கடைசி இலக்கங்கள் போயே போய்விடும்.

மைக்ரோசாஃப்ட் 2023இல் இதற்கு ஒரு வழி திறந்தது. புதிய பதிப்புகளில் ஃபைல், ஆப்ஷன்ஸ், டேட்டா என்று போனால் ‘ஆட்டோமேட்டிக் டேட்டா கன்வெர்ஷன்’ என்ற பகுதி இருக்கும். முன் பூஜ்யத்தை எடுப்பது, நீள எண்ணைச் சுருக்குவது, எழுத்தும் எண்ணும் ஒட்டி வருவதைத் தேதியாக்குவது ஆகியவற்றை அங்கே நிறுத்தலாம். 12/3 போலச் சாய்கோடு போட்டதற்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், பழையபடி டெக்ஸ்ட் ஃபார்மட்தான்.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் காலியான எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ மூலம் கோப்பைக் கொண்டுவாருங்கள். முன்னோட்டம் வந்ததும் ‘ட்ரான்ஸ்ஃபார்ம் டேட்டா’ கொடுத்து, போன், கணக்கு எண், கதவு எண் பத்திகளின் தலைப்பில் உள்ள சின்ன அடையாளத்தைக் கிளிக் செய்து டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள். ‘ரீப்ளேஸ் கரன்ட்’ என்று கேட்டால் அதையே கொடுங்கள். அப்புறம் ‘க்ளோஸ் அண்ட் லோடு’. ஏற்காட்டு எண்கள் 04281 என்றே வந்து உட்காரும்.